இலை போடும் முன்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ்ஸில் அம்மாவை ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்து, டிக்கெட்டுக்குச் சில்லறையும் கையில் கொடுத்த செல்வகணேஷ் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டு வாரேன். சொர்ணம்மா சித்திகிட்ட சொல்லியாச்சு. கடக்காத்து வாங்கிக்கிட்டு நிம்மதியா இரும்மா" என்றான்.

மாடம்மாள் தலையை ஆட்டினாள். அவளை நிம்மதியாக இருக்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் எங்கேயாவது அனுப்பிவைக்கிறவர்களாகவே இருப்பது ஏன் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

மகன் பக்கம் நியாயமே இல்லை என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கோவளத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறான். சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கபாண்டி அண்ணாச்சியின் மகள் இசக்கிச்செல்வியை அவனுக்குப் பேசி முடித்தாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். போன வாரம் பெண் பார்க்கப் போனபோது மாடம்மாளை அழைத்துப் போகவில்லை. தங்கை முறையான சொர்ணம்மாள்தான் பெரியவளாக முன்னே நின்று பூ வைத்துவிட்டு வந்தாள். அம்மா நேர்த்திக்கடனுக்காகச் சங்கரன்கோவில் போயிருக்கிறாள் என்று செல்வகணேஷ் அவர்களிடம் சொல்லிவைத்தான்.

அவன் மறைத்தது இதைத்தான். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், மாடம்மாளின் காதுக்குள் யார் யாரோ பேசத் தொடங்கினார்கள். அடுப்பில் உலை கொதிக்க, அவள் தெருவில் நின்று அவர்களோடு சண்டை போட்டாள். திருநெல்வேலியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவளை ஏதாவது கோயில் மண்டபத்தில் கட்டிப்போடச் சொன்னார்கள். புருஷன் ஆறுமுகநயினார் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அவளை ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குணமாகி வந்தாள். அன்றைக்குத் தொடங்கிய மாத்திரை, அவர் காலமான பிறகும் நிற்கவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஞானபாய், மணக்காட்டில் ஒரு வாடகை வீடு பிடித்து, இப்படிப்பட்டவர்கள் பகலில் வந்து இருக்கவும் ஏதாவது வேலை செய்யவும் ‘கூட்டு’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். மலையாளத்தில் கூட்டு என்றால் துணை. மாடம்மாளுக்கோ அது தடியங்காயும் கடலைப்பருப்பும் போட்டு வைக்கிற கூட்டுதான். இரண்டும் ஒன்றுதானே என்பாள். அடுக்களைப் பொறுப்பு அவளுடையது. சமூகப்பணி படித்த மகள் அனுஷா அங்கேயே நிர்வாகி. செல்வகணேஷ் மட்டும் அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை.

இன்றைக்கு அங்கே ஒரு குழு வருகிறது. இதுவரை கூட்டுக்குச் செலவு செய்துவந்த வெளிநாட்டு உதவி இந்த மாதத்தோடு நிற்கிறது. நல்லவேளையாக, மனநோயாளிகளுக்கான பகல்நேரச் சேவையை உள்ளூர் தர்ம ஸ்தாபனங்கள் வழியாகவே நடத்துவது என்று மாநகராட்சியின் மக்கள் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர், தர்ம காரியத்துக்கு அள்ளிக் கொடுப்பவர் என்று பெயரெடுத்த தங்கபாண்டி அண்ணாச்சி.

அதனால்தான் இந்த பஸ்.

மகன் செய்ததுகூட மாடம்மாளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. காலையில் அவன் புடவையை எடுத்துப் பையில் வைத்தபோது, அனுஷா பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் போக வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பஸ் அட்டக்குளங்கரை தாண்டி மணக்காடு ஜங்ஷனில் நின்றது. மாடம்மாள் வெளியே பார்த்தாள். நிறுத்தத்தில் ஞானையன் நின்றுகொண்டிருந்தான். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். கொத்தனாராக இருந்து நோயில் விழுந்து, பல வருஷம் வாய் திறக்காமல் கிடந்தவன். இப்போது கூட்டில் காய் நறுக்குகிறவன். இந்த நேரத்துக்கு அவன் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் காலிப் பையோடு எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நின்றான்.

ஏன் இங்கே நிற்கிறாய் என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"இண்ணைக்கு வரண்டாம்னு சொல்லிட்டாவ அக்கா. அடுக்களையில உள்ள எல்லாருக்கும் லீவாம். சோறு ஓட்டல்லேருந்து வருதாம்."

"யாரு சொன்னா?"

"அனுஷா மோள்தான்."

கண்டக்டர் மணியடிக்கக் கயிற்றைப் பிடித்தான். மாடம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். விழிஞ்ஞத்துக்குத்தானே சீட்டு வாங்கினீர்கள் என்று அவன் மலையாளத்தில் கேட்டதற்கு, விழிஞ்ஞம் அங்கேயேதான் இருக்கும், நான் அப்புறம் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

"வா ஞானையா. எங்க போறோம்னு கேக்காதே."

அவன் கேட்கவில்லை.

*

கூட்டின் அடுக்களைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அனுஷா முன்னறையில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் துணி கையிலிருந்து நழுவியது.

மாடம்மாள் கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

அனுஷா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஒப்பந்தத்தின் நகலை அவள் இரண்டு நாளைக்கு முன்பே பார்த்துவிட்டாள். அதில் ஒரு விதி. சிகிச்சையில் இருக்கும் யாரும் சம்பள வேலையிலோ நிர்வாகக் குழுவிலோ இருக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம், பொன்முடி போகிற சாலையில் மதில் எழுப்பி விடுதி நடத்தும் ஒரு பெரிய டிரஸ்டுக்குப் போய்விடும். கூட்டை மூட வேண்டியதுதான். இங்கே வருகிறவர்கள் அவரவர் வீட்டு மூலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"இன்னைக்கு ஒரு நாள்தாம்மா. கையெழுத்தைப் போட்டுருவேன். பெறவு வேற யாராவது பேர்ல எழுதிக்கிட்டு உங்க எல்லாரையும் பழையபடி உள்ள கொண்டாந்துருவேன். நான் உங்களை விட்டுருவேனா?"

மாடம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பாவம், இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று மளமளவென்று எரிந்தது.

"வேற பேர்லயா?" என்றாள். "ஏட்டி, அந்த நோய் வந்தப்ப நான் யாருன்னு எனக்கே தெரியாமக் கிடந்தேன். என் பேரைத் திரும்பப் பிடிக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இப்ப அதை நீ மாத்தி எழுதப்போறியா? மாடம்மாங்கிற பேர்ல வைக்க முடியாத சோத்தை நான் வைக்க மாட்டேன்."

அனுஷா அழுதாள். கோபத்தில் வந்த அழுகை அது. யார்மீது கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசற்படியில் ஞானபாய் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. விதியைப் பற்றி அவரிடமும் அனுஷா சொல்லியிருக்கவில்லை. அவர் மகளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓட்டலுக்கு போன் பண்ணிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

"சிஸ்டர், அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்கண்டாம் பிள்ளே. ஆனா ஒளிச்சு வச்சு வாங்குன காசுல நடத்துனா, இது கூட்டு இல்ல. இன்னொரு பூட்டுன வீடு. நீ சாவியைக் குடு."

*

குழு வந்தபோது அடுக்களையில் புளிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

தலைவர் சாம்பசிவன் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் குடியிருப்பவர். கணக்குத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லோரையும் மரியாதையாக விசாரித்தார். அந்த வார்டின் பெண் கவுன்சிலர் மலையாளி, பேசிக்கொண்டே நடக்கிறவர். பின்னால் வெள்ளைச் சட்டையில் தங்கபாண்டி. அவர் சுவர்களையும் ஜன்னல்களையுமே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பி இல்லாத ஜன்னல் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இதன் வழியாக யாராவது ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ஓடினால் மறுநாள் வந்துவிடுவார்கள், சோறு இங்கேதானே இருக்கிறது என்று ஞானபாய் சொன்னார். கவுன்சிலர் சிரித்தார். தங்கபாண்டி சிரிக்கவில்லை.

மாடம்மாள் அடுக்களை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். சம்பந்தியாகப் போகிறவர். அனுஷா மாப்பிள்ளை வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியும்; தன்னை அடையாளம் தெரியாது. சங்கரன்கோவிலுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். பேசாமல் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டால், வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்துவிடும். செல்வகணேஷின் முகம் கண்முன்னே வந்தது. சின்ன வயதில், தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்த அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தபோது அவன் அழாமல் நடந்தான். அது அவளுக்கு மறக்கவில்லை.

கூடத்தில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். கூட்டுக்கு வருகிறவர்களும் குழுவினரும் ஒரே வரிசையில் உட்காருவதாக ஏற்பாடு. ஞானையன் வாழை இலைக்கட்டோடு வந்தான். மாடம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இலை போடுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் ஐயா. இன்னைக்குச் சோறும் கறியும் நான் வச்சது. காய் நறுக்குனது ஞானையன். தேங்காய் திருவுனது அந்தா இருக்கிற பிள்ளை. நாங்க எல்லாரும் மாத்திரை சாப்பிடுத ஆளுக. நான் ஊளம்பாறையில படுத்து எந்திரிச்சு வந்தவ. இதைத் தெரிஞ்சுக்கிட்டு உக்காரணும்னா உக்காருங்க. தின்ன பெறவு யாரோ சொல்லித் தெரிஞ்சு, ஐயோன்னு வயித்தைப் பிடிக்கக் கூடாது பாருங்க."

அனுஷா சுவரில் சாய்ந்து நின்றாள்.

முதலில் கவுன்சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பசிக்கிறது, சீக்கிரம் விளம்புங்கள் சேச்சி என்றார். சாம்பசிவன் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தங்கபாண்டி மட்டும் உட்காரவில்லை. காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்று சொல்லி, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாடம்மாள் அவரைக் கூப்பிடவில்லை. பரிமாறினாள்.

சாம்பசிவன் கூட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்ததும், எங்காத்துலகூட இந்த ருசி வராது என்று மனதாரச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த அனுஷாவுக்கு ஒரு நம்பிக்கை துளிர்த்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலே பேசினார்.

"ருசி வேற, விதி வேற. ஒப்பந்தத்துல உள்ளதை நான் மாத்த முடியாது. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, சிகிச்சைல இருக்கறவாளை ஏன் அடுப்புக்கிட்ட விட்டேள்னு என்னைத்தான் கேப்பா. இவாளை வேலைலேருந்து எடுத்துடறதா இன்னிக்குக் கையெழுத்துப் போட்டேள்னா, பணம் உங்களுக்குத்தான். நான் சிபாரிசு பண்றேன்."

"கோட்டைக்குள்ள இருக்கிற வீடுகள்ல, அடுப்புல கை சுட்டுக்கிடாத பொம்பளை யாராவது உண்டா ஐயா?" என்று மாடம்மாள் கேட்டாள். "அவங்க எல்லாருக்கும் புத்தி சரியில்லாமப் போனதால சுட்டுதா?"

வாசலிலிருந்து தங்கபாண்டி உள்ளே வந்தார். குரலில் கோபம் இல்லை; இரக்கம்தான் இருந்தது. அதுதான் மாடம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லதுக்குத்தான சொல்லுதாங்க. பாவப்பட்ட சனம். இவங்களுக்கு வேலை என்னத்துக்கு, சம்பளம் என்னத்துக்கு? ஒரு மதிலைக் கட்டி உள்ள வச்சு, நேராநேரத்துக்குச் சோறு போட்டா போதாதா?"

"போடுதவங்களுக்கு அது போதும் அண்ணாச்சி. திங்குதவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவள் அனுஷா. அவள் சுவரை விட்டு விலகி வந்தாள். இரண்டு நாளாகத் தனியாகச் சுமந்ததை மேசைமேல் இறக்கிவைப்பதுபோல, அந்த விதியைத் தமிழிலும் மலையாளத்திலுமாக எல்லோருக்கும் விளக்கினாள். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இது உங்களைப் பற்றிய விதி, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

சிலர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். இடம் போய்விடுமே, கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் என்று ஒரு வயதானவர் மெல்லச் சொன்னார்; அவருக்கு வீட்டில் அறைகூட இல்லை, கார் நிற்கிற கொட்டகைதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அனுஷா தடுமாறினாள்.

அப்போது ஞானையன் வாய் திறந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்க அம்மை என்னை ‘அது’ன்னுதான் சொல்லும். அது தின்னுச்சா, அது உறங்குச்சான்னு. இங்க காய் அரிஞ்சு, சம்பளம்னு கொண்டு கையில குடுத்த அண்ணைக்குத்தான் ஞானையான்னு பேரு சொல்லி விளிச்சா. இடம் போனா போட்டு. நான் திரும்பவும் அது ஆகமாட்டேன்."

கொட்டகைக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போட வேண்டாம் என்று கையை அசைத்தார். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். பின்கட்டுக்குப் போன பெண்ணும் கதவருகே வந்து நின்று தலையசைத்தாள்.

அனுஷா ஒப்பந்தத் தாளை எடுத்துச் சாம்பசிவனின் முன்னால் வைத்தாள்.

"அந்த விதியை எடுத்துட்டு அனுப்புங்க சார். அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"அப்படின்னா நீங்க மறுத்துட்டதாத்தான் நான் எழுதணும்."

"எழுதுங்க. ஏன் மறுத்தோம்னும் எழுதுங்க. உங்ககூட உக்காந்து சாப்பிட்டவங்க மறுத்தாங்கன்னு எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்து, தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுதினார். அவள் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதினார். கவுன்சிலர் எழுந்து, இதை மூன்று பேர் முடிவு செய்ய வேண்டியதில்லை என்றார். திங்கட்கிழமை வார்டு சபை கூடுகிறது. பணத்தை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

"எல்லாரும் வரணும், கேட்டோ. இந்தச் சேச்சி முன்னில் நிற்கணும்."

"வாரோம்" என்றாள் மாடம்மாள்.

*

குழுவை அனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். மாடம்மாள் தங்கபாண்டியின் கார் பக்கம் நடந்தாள். அனுஷா அவள் நோக்கத்தைப் புரிந்துகொண்டு கையைப் பிடித்தாள். மாடம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை ஒளித்துவைத்தால், மதியம் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றதற்கு அர்த்தமே இல்லை.

"அண்ணாச்சி, என் பேரு மாடம்மா. செல்வகணேஷ் என் மகன்."

தங்கபாண்டி கார்க்கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அவங்க அம்மா சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறதா..."

"நான் எங்கயும் போகல. உங்ககிட்ட அப்படிச் சொன்னது தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குதேன். ஆனா எனக்கு வந்த நோய்க்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

*

விளக்கு வைக்கிற நேரத்தில் செல்வகணேஷ் வந்தான். ஹோட்டலுக்கு போன் வந்திருந்தது. யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தான். வராதே என்று தனக்குத்தானே விதித்துக்கொண்ட தெருவில், கூட்டின் முற்றத்தில் நின்று அவன் பேசினான். ஆத்திரத்தில் தொடங்கி, எங்கோ நடுவில் குரல் உடைந்துவிட்டது. தங்கபாண்டி என்னென்ன சொன்னார் என்று சொன்னான். அனுஷாவையும் விடவில்லை, உனக்கு வேலைதான் பெரிசு என்றான். அனுஷா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சின்ன வயசுலேருந்து நான் யாருகிட்டயும் எதையும் கேட்டது இல்லம்மா" என்றான் கடைசியில். "ஒரே ஒரு தடவை, சாதாரண வீட்டுப் பையனா இருந்து பாக்க ஆசைப்பட்டேன். அது தப்பா?"

மாடம்மாள் அருகே போனாள். தொட வேண்டும்போல இருந்தது. அவன் விலகிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

"தப்பில்ல செல்வம். நீ சுமந்தது எனக்குத் தெரியும். ஆனா அம்மா இல்லாத ஒரு வீட்டைக் காட்டி நீ பொண்ணு கேட்டிருக்கே. அப்படி ஒரு வீடு எங்கயும் இல்லையே. நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து எங்க குடியிருப்பா? என்னை ஒவ்வொரு நல்ல நாளைக்கும் எந்த பஸ்ல ஏத்துவே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இசக்கிச்செல்வி இறங்கினாள். மாடம்மாள் அவளை நேரில் கண்டதில்லை. சொர்ணம்மாள் காட்டிய போட்டோவில் பார்த்த முகம். அந்தப் பெண் இறங்கிய கையோடு உள்ளே திரும்பி யாருக்கோ கை கொடுத்தாள். கைத்தடிபோல மெலிந்த ஒரு பெண் வெளியே வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தெருவிளக்கைப் பார்த்துக் கண் கூசிக்கொண்டு நின்றாள்.

இசக்கிச்செல்வி அவனைத் தாண்டி மாடம்மாளிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"இது எங்க அத்தை. சுடலைமாடத்தி. அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி. மாடி ரூமுலதான் இருக்காங்க. நாங்க யாருகிட்டயும் சொல்லுதது இல்ல. உங்க வீட்டுலயும் சொல்லல."

தங்கபாண்டி மதியம் வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். பைத்தியக்காரி ஒருத்தி சமைக்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், அதிகாரிகளை எதிர்த்துப் பேசுகிறாள், அந்த வீட்டிலா நம் பெண்ணைக் கொடுப்பது என்று. அவர் கடைக்குப் போனதும், வருஷக்கணக்கில் பேசாத அத்தை உள்ளிருந்து மாடிக்கதவைத் தட்டியிருக்கிறாள்.

"இவ கூட்டிட்டு வரல" என்றாள் சுடலைமாடத்தி. பழக்கம் விட்டுப்போன குரல். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். "நான்தான் கெளம்புனேன். சமைக்கிறது நீங்களா?"

"நான்தான்."

"எனக்கும் சமைக்கத் தெரியும்."

மாடம்மாள் அவள் கையைப் பிடித்தாள். உள்ளே கூட்டிப்போகத் திரும்பியபோது தெருமுனையில் கார் விளக்கு திரும்பியது. இசக்கிச்செல்வி பயந்துபோனாள். அப்பாவின் கார்தான். கடையிலிருந்து வீட்டுக்குப் போய், மாடி காலியாக இருப்பதைப் பார்த்து, இங்கேதான் வந்திருப்பார்கள் என்று ஊகித்திருப்பார்.

அனுஷா ஞானபாய்க்கு போன் செய்ய ஓடினாள். மாடம்மாள் அத்தையையும் மருமகளையும் முன்னறைக்குள் அனுப்பிவிட்டு, வாசல் கேட் அருகே நின்ற மகனிடம் வந்தாள். அவள் குரல் பதறவில்லை.

"செல்வம், நாளைக்கு டாக்டரைப் பாப்போம், அவங்க அண்ணன்கிட்டயும் முறையாப் பேசுவோம். ஆனா தானா நடந்து வந்த பொம்பளையை யாரு வந்து இழுத்தாலும் இன்னைக்கு நான் விடப்போறதில்ல. நீ வெளியில போய் அவர் பக்கம் நின்னாலும் சரி, உள்ள நின்னாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கார் வந்து நின்றது. தங்கபாண்டி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

செல்வகணேஷ் கேட்டுக்கு உள்பக்கம் நின்று, கொண்டியைத் தள்ளி மாட்டினான். மாட்டிய கையை எடுக்காமலே, எதிரே வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா," என்றான், "முதல்ல என்கிட்ட பேசுங்க."